அத்தியாயம் 7: ஒரு கேள்வி, பல விடைகள் – ஸ்விட்ச் கூற்று

சென்ற அத்தியாயத்தில் இஃப், எல்ஸ் இரண்டையும் வைத்து நிரலைக் கிளை பிரியச் செய்யப் பழகினோம். எந்தக் கிளைப்பாதையையும் அந்த இரண்டைக் கொண்டே எழுதிவிடலாம். ஸ்விட்ச் என்ற ஒன்றைத் தொடாமலேயே காலமெல்லாம் நிரல் எழுத முடியும். இருந்தும் சி மொழியில் அதற்கென்று தனிக் கூற்று இருக்கிறது. சி பிளஸ் பிளஸ், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி என்று பின்னால் வந்த மொழிகளும் அதை விடாமல் வைத்திருக்கின்றன. காரணத்தை ஒரு சிறு நிரல் எழுதியே பார்த்துவிடுவோம்.

முதலில் ஒரு குறிப்பு. இந்த நூலில் நிரல்களை அவற்றை உரக்கப் படிக்கும் ஒலியில், தமிழ் எழுத்திலேயே அச்சிட்டிருக்கிறோம். கணினியில் அடிக்கும்போது கட்டளைச் சொற்களையும் மாறிகளின் பெயர்களையும் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். இரட்டை மேற்கோளுக்குள் வரும் செய்தி மட்டும் தமிழிலேயே இருக்கலாம்.

நிரல் இதுதான்: பயனர் ஓர் அவசர உதவி எண்ணைத் தருகிறார், அது எந்தச் சேவைக்கு உரியது என்று நாம் சொல்ல வேண்டும். இஃப் ஏணியில் எழுதினால் இப்படி வரும்.

இஃப் (எண் == 100)
    புட்ஸ்("காவல்துறை");
எல்ஸ் இஃப் (எண் == 101)
    புட்ஸ்("தீயணைப்பு");
எல்ஸ் இஃப் (எண் = 108)
    புட்ஸ்("ஆம்புலன்ஸ்");
எல்ஸ் இஃப் (எண் == 1098)
    புட்ஸ்("குழந்தைகள் உதவி");
எல்ஸ்
    புட்ஸ்("இந்த எண் பட்டியலில் இல்லை");

100 கொடுத்தால் காவல்துறை, 101 கொடுத்தால் தீயணைப்பு, 108 கொடுத்தால் ஆம்புலன்ஸ். சரியாகத்தான் ஓடுகிறது. இப்போது 1098 கொடுத்துப் பாருங்கள்: ஆம்புலன்ஸ் என்று வரும். 5 கொடுத்தாலும் ஆம்புலன்ஸ்தான். மூன்றாவது நிபந்தனையை மீண்டும் படியுங்கள். அங்கே இரண்டு சமக்குறிகளுக்குப் பதில் ஒன்றே இருக்கிறது. ஒரு சமக்குறி ஒப்பிடாது. 108 என்ற மதிப்பை மாறியில் போட்டுவிடும். அந்த 108 பூஜ்யம் இல்லை என்பதால் நிபந்தனை எப்போதும் உண்மையாகிவிடும். சி மொழிக்கு இது இலக்கணப் பிழை இல்லை, ஆகவே கம்பைலர் நிரலை நிறுத்தி வைக்காது.

இந்தப் பிழைக்கு இடம் கொடுத்தது ஏணியின் அமைப்பு. நாம் கேட்பது ஒரே கேள்வி: இந்த எண் எது? ஏணியிலோ அதே கேள்வியை நான்கு முறை எழுத வேண்டியிருக்கிறது. எழுதும் ஒவ்வொரு முறையும் தவறு நுழைய வழி உண்டு. படிப்பவருக்கும் சுமைதான், நான்கு வரியும் ஒரே மாறியைத்தான் சோதிக்கின்றனவா, நடுவில் வேறு மாறி ஏதும் வந்துவிட்டதா என்று வரிவரியாகச் சரிபார்க்க வேண்டும். கேள்வியை ஒரே ஒருமுறை எழுதிவிட்டு, விடைகளை மட்டும் வரிசையாக அடுக்க ஒரு வழி வேண்டும். ஸ்விட்ச் அதற்காகவே இருக்கிறது.

ஸ்விட்ச் (எண்)
{
    கேஸ் 100:
        புட்ஸ்("காவல்துறை");
        பிரேக்;
    கேஸ் 101:
        புட்ஸ்("தீயணைப்பு");
        பிரேக்;
    கேஸ் 108:
        புட்ஸ்("ஆம்புலன்ஸ்");
        பிரேக்;
    கேஸ் 1098:
        புட்ஸ்("குழந்தைகள் உதவி");
        பிரேக்;
    டீஃபால்ட்:
        புட்ஸ்("இந்த எண் பட்டியலில் இல்லை");
        பிரேக்;
}

அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண் என்ற மாறிதான் கேள்வி. அது ஒரே இடத்தில் நிற்கிறது. ஒப்பிடும் குறியே நாம் எழுதுவதில்லை என்பதால், ஏணியில் நுழைந்த அந்தப் பிழைக்கு இங்கே இடமே இல்லை. கேஸ் என்ற சொல்லுக்குப் பின் ஓர் இடைவெளி, பிறகு மதிப்பு, பிறகு முக்காற்புள்ளி. அங்கே அரைப்புள்ளி வராது. மதிப்புகள் ஏறுவரிசையில் இருக்க வேண்டியதில்லை. 1098 முதலில் வந்தாலும் நிரல் அதே வேலையைத்தான் செய்யும். ஆனால் ஒரே மதிப்பை இரண்டு கேஸ்களில் எழுதினால் கம்பைலர் ஏற்காது. இது பெரிய உதவி. ஏணியில் 108-ஐ இரண்டு முறை சோதித்தால் இரண்டாவது கிளை ஒருபோதும் ஓடாமல் கிடக்கும், அதைப் பிழை என்று கம்பைலர் மறுக்கவும் செய்யாது.

பிரேக் எதற்கு?

மேலே உள்ள நிரலில் எல்லா பிரேக் வரிகளையும் எடுத்துவிட்டு ஓட்டுங்கள். இதைப் படித்துவிட்டுப் போகாமல் கையாலேயே செய்து பாருங்கள். 101 கொடுத்தால் திரையில் வருவது:

தீயணைப்பு
ஆம்புலன்ஸ்
குழந்தைகள் உதவி
இந்த எண் பட்டியலில் இல்லை

101-க்குரிய கேஸில் நுழைந்த நிரல் அங்கே நிற்கவில்லை. கீழே இருந்த எல்லாவற்றையும் நிறைவேற்றிக்கொண்டே போய்விட்டது. கடைசியில், பட்டியலில் இருக்கும் எண்ணையே இல்லை என்றும் சொல்லிவிட்டது. புதிதாகப் படிப்பவர்கள் கேஸ் என்பதைச் சுவர் எழுப்பிய தனி அறை போல நினைத்துக்கொள்வதால்தான் இது குழப்புகிறது. பேருந்து வழித்தடம் இன்னும் பொருத்தம்: கேஸ் ஒவ்வொன்றும் ஏறும் நிறுத்தம். எந்த நிறுத்தத்தில் ஏறுவது என்பதை எண் முடிவு செய்கிறது. ஏறிவிட்டால், இறங்கச் சொல்லும்வரை வண்டி அடுத்தடுத்த நிறுத்தங்களைக் கடந்து போய்க்கொண்டே இருக்கும். இறங்கச் சொல்வது பிரேக்.

கம்பைலரின் பார்வையில் கேஸ் ஓர் அடையாளப் பெயர், அவ்வளவுதான். இந்த இடத்துக்குத் தாவு என்று காட்டும் குறி. முதல் கேஸுக்கு மேலே, நெளி அடைப்பு திறந்தவுடன் ஏதாவது அச்சிடும் வரியை எழுதினால் அது ஓடவே ஓடாது என்பதும் இதனால்தான். தாவல் அதைத் தாண்டிப் போய்விடுகிறது.

இந்த அமைப்பு சி மொழிக்கு முன்னோரிடமிருந்து வந்தது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் 1967-இல் பிசிபிஎல் மொழியை உருவாக்கினார். அதில் ஸ்விட்ச்ஆன் என்றொரு கூற்று இருந்தது. அதிலிருந்து பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனின் பி மொழியும், அதிலிருந்து டென்னிஸ் ரிச்சியின் சி மொழியும் பிறந்தன. பிரேக் இல்லாவிட்டால் அடுத்த கேஸுக்குள் வழிந்தோடும் இந்த இயல்பும் கூடவே வந்தது. இந்த இயல்பு எவ்வளவு தேவைப்படுகிறது? பீட்டர் வான் டெர் லிண்டன் 1994-இல் வெளியான தம் சி மொழி நூலில், சன் நிறுவனத்தின் கம்பைலர் மூலநிரலில் இருந்த 244 ஸ்விட்ச் கூற்றுகளை ஆராய்ந்து பதில் சொல்லியிருக்கிறார். வழிந்தோட வேண்டிய தேவை இருந்தது வெறும் 3 சதவீதக் கேஸ்களில்தான். மீதி 97 சதவீதத்திலும் நிரலர் மறக்காமல் பிரேக் எழுதியாக வேண்டும். பெரும்பான்மைக்குத் தேவைப்படுவதை மொழி தானாகச் செய்யாமல் எழுதுபவரின் ஞாபகத்தில் விட்டது தவறான முடிவு என்பதே என் கருத்து. ஆனால் சி-யில் எழுதும்வரை அதன் விதிக்குத்தான் பழக வேண்டும்.

ஆகவே ஒரு பழக்கம்: கேஸ் வரியை எழுதியவுடனே அடுத்த வரியில் பிரேக்கை எழுதிவிடுங்கள். பிறகு இரண்டுக்கும் நடுவில் செய்ய வேண்டிய வேலையை நிரப்புங்கள். கடைசியில் வரும் டீஃபால்ட்டுக்குக் கீழே பிரேக் அவசியமில்லை. எப்படியும் கூற்று அங்கே முடிகிறது. என்றாலும் எழுதுங்கள். நாளைக்கு யாராவது அதற்குக் கீழே இன்னொரு கேஸைச் சேர்ப்பார்கள்.

பிரேக் எதை விட்டு வெளியேறும்?

மறந்துபோன பிரேக்கைவிட, தவறான இடத்தில் வைத்த பிரேக் பெரிய சேதம் செய்த சம்பவம் ஒன்று உண்டு. 1990 ஜனவரி 15 பிற்பகல். அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் தொலைதூரத் தொலைபேசி வலையமைப்பில் 114 பெரிய இணைப்பகங்கள் இருந்தன. நியூயார்க்கில் இருந்த ஒன்று சிறு கோளாறால் சில விநாடிகள் தன்னை நிறுத்திக்கொண்டு மீண்டும் எழுந்தது. அது வழக்கமான ஏற்பாடுதான். எழுந்ததும் அக்கம்பக்கத்து இணைப்பகங்களுக்குத் தகவல் போனது. அந்தத் தகவலைப் பதிவு செய்துகொண்டிருந்த நொடிப்பொழுதில் அடுத்த தகவலும் வந்து சேர்ந்தால், பெறும் இணைப்பகம் குழம்பித் தானும் நின்று எழுந்தது. அது எழுந்ததும் தன் அண்டையாருக்கு அதே தகவலை அனுப்பியது, அவையும் விழுந்தன. இப்படி ஒன்றையொன்று வீழ்த்திக்கொண்டே போய், சுமார் ஒன்பது மணி நேரம் நாடு முழுக்க ஏறத்தாழ பாதி அழைப்புகள் இணைப்புக் கிடைக்காமல் போயின.

எல்லா இணைப்பகங்களிலும் ஒரே மென்பொருள் ஓடியது. முந்தைய மாதம்தான் அதைப் புதுப்பித்திருந்தார்கள். தேடிப் பார்த்ததில் பழுது சி மொழியில் எழுதிய ஒரு ஸ்விட்ச் கூற்றுக்குள் கிடைத்தது. கேஸ் ஒன்றின் உள்ளே இஃப், அந்த இஃபுக்குள் ஒரு பிரேக். அந்த பிரேக் இஃபை விட்டு மட்டும் வெளியேறும் என்று எழுதியவர் கருதியிருந்தார். அது ஸ்விட்ச்சையே விட்டு வெளியேறியது. அதன்பின் நடந்திருக்க வேண்டிய வேலை விட்டுப்போயிற்று.

விதி இதுதான். பிரேக் தனக்கு மிக அருகில் சூழ்ந்திருக்கும் ஸ்விட்ச் அல்லது லூப்பை விட்டு வெளியேறும். இஃப் அதன் கணக்கிலேயே வராது.

நீங்கள் எழுதப்போகும் சிறு நிரல்களில் இதே விதி வேறு முகத்தோடு வரும். ஏடிஎம் போல ஒரு மெனு நிரலை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒயில் (1)
{
    தெரிவு = மெனுகாட்டு();
    ஸ்விட்ச் (தெரிவு)
    {
        கேஸ் 1:
            இருப்புகாட்டு();
            பிரேக்;
        கேஸ் 2:
            பணம்எடு();
            பிரேக்;
        கேஸ் 0:
            புட்ஸ்("நன்றி");
            பிரேக்;
    }
}

பயனர் வெளியேற 0 அழுத்துகிறார். நன்றி என்று வருகிறது. உடனே மெனுவும் மறுபடி வருகிறது. அவர் எத்தனை முறை 0 அழுத்தினாலும் இதேதான். பிரேக் தனக்கு அருகில் இருந்த ஸ்விட்ச்சை விட்டு வெளியே வந்ததே தவிர, ஒயில் லூப்பை விட்டு வரவில்லை. சரிசெய்ய எளிய வழி, தொடர் என்றொரு மாறியை 1 என்று தொடங்கி, ஒயில் (தொடர்) என்று எழுதி, கேஸ் 0-வில் அதை 0 ஆக்குவது. லூப் முழுவதையும் ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்துவிட்டால் அந்த இடத்தில் ரிட்டர்ன் என்று எழுதியே வெளியேறலாம். எனக்கு இரண்டாவது வழியே பிடிக்கும். எங்கே முடிகிறது என்பது அந்த வரியிலேயே தெரிந்துவிடுகிறது.

பல மதிப்புகளுக்கு ஒரே விடை

வழிந்தோடும் இயல்பு நியாயமாகப் பயன்படும் இடம் ஒன்று உண்டு. ஆங்கில மாதத்தின் எண்ணைக் கொடுத்தால் அதில் எத்தனை நாள் என்று சொல்லும் ஃபங்ஷனைப் பாருங்கள்.

இன்ட் நாள்கள்(இன்ட் மாதம், இன்ட் ஆண்டு)
{
    ஸ்விட்ச் (மாதம்)
    {
        கேஸ் 4: கேஸ் 6: கேஸ் 9: கேஸ் 11:
            ரிட்டர்ன் 30;
        கேஸ் 2:
            ரிட்டர்ன் லீப்ஆண்டா(ஆண்டு) ? 29 : 28;
        கேஸ் 1: கேஸ் 3: கேஸ் 5: கேஸ் 7:
        கேஸ் 8: கேஸ் 10: கேஸ் 12:
            ரிட்டர்ன் 31;
        டீஃபால்ட்:
            ரிட்டர்ன் 0;
    }
}

ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர் நான்கும் நடுவில் எந்த வேலையும் இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. 4-இல் நுழைந்தாலும் 11-இல் நுழைந்தாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றே. இங்கே ரிட்டர்ன் ஃபங்ஷனையே முடித்துவிடுவதால் பிரேக் வேண்டாம். லீப்ஆண்டா என்ற ஃபங்ஷனைச் சென்ற அத்தியாயத்தின் பயிற்சியில் எழுதியிருக்கிறீர்கள்: 2000 லீப் ஆண்டு, 1900 இல்லை என்பதைச் சோதித்தீர்கள் அல்லவா, அதே ஃபங்ஷன்தான்.

பல மதிப்புகளைச் சேர்க்க வேண்டும் என்றதும் பலர் கேஸ் 4 || 6: என்று எழுதுகிறார்கள். பார்க்கச் சரியாகத் தெரியும், கம்பைலரும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் 4 || 6 என்பது உண்மையா பொய்யா என்ற கணக்கு. அதன் விடை 1. ஆக அது கேஸ் 1: என்று எழுதியதற்குச் சமம். ஏப்ரலுக்காக எழுதிய வரி ஜனவரிக்கு ஓடும்.

இரண்டு கேஸ்களுக்கு நடுவில் வேலையும் செய்துவிட்டு, வேண்டுமென்றே அடுத்ததற்குள் வழியவிடுவது வேறு விஷயம். அதைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். முடியாவிட்டால் அந்த இடத்தில், இது மறதி இல்லை என்று ஒரு கமென்ட் எழுதுங்கள். ஜிசிசி கம்பைலர் 2017-இல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து இப்படிப்பட்ட இடங்களைக் கண்டுபிடித்து எச்சரிக்கிறது. -டபிள்யூஎக்ஸ்ட்ரா என்ற தெரிவைக் கொடுத்தால் போதும்.

மீதி எல்லாம் டீஃபால்ட்டுக்கு

மேலே உள்ள மாத ஃபங்ஷனில் ஏழு 31-நாள் மாதங்களையும் எழுதச் சோம்பல்பட்டு, 30 நாள் மாதங்களையும் பிப்ரவரியையும் மட்டும் கேஸாக வைத்து, டீஃபால்ட்டில் 31 என்று போட்டுவிடுவது பரவலான வழக்கம். நிரல் சுருங்கும். ஆனால் 13-ஆம் மாதத்துக்கும் 31 நாள் வந்துவிடும். மாதம் -4 என்றாலும் 31 நாள்தான். தவறான தரவு நுழைந்த இடத்தில் அது பிடிபடாது. மூன்று ஃபங்ஷன் தள்ளி, வட்டிக் கணக்கிலோ சம்பளக் கணக்கிலோ போய் வெடிக்கும்.

டீஃபால்ட்டை நாம் எதிர்பார்க்காத மதிப்புகளுக்காகவே வைத்துக்கொள்ளுங்கள். எதிர்பார்க்கும் மதிப்பு எதுவானாலும் அதற்கென்று கேஸ் இருக்கட்டும். டீஃபால்ட்டைக் காலியாகவும் விடாதீர்கள். ஒரு செய்தியை அச்சிடலாம், பிழைக்குரிய மதிப்பைத் திருப்பி அனுப்பலாம். சும்மா கடந்து போவது மட்டும் கூடாது. அவசர எண் நிரலில் ஒருவர் 180 என்று தவறாக அழுத்தும்போது திரை வெறுமையாக நின்றால், நிரல் ஓடவில்லையா, எண் தவறா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இன்னொரு பொறியும் இங்கே உண்டு. டீஃபால்ட் என்ற சொல்லை ஓர் எழுத்து மாற்றி அடித்துவிட்டீர்கள் என்று வையுங்கள். கம்பைலர் பிழை காட்டி நிற்கும் என்றுதானே நினைப்பீர்கள்? நிற்காது. ஒரு சொல்லும் முக்காற்புள்ளியும் வந்தால் சி மொழியில் அது கோடூ தாவலுக்கான அடையாளப் பெயர். அப்படி எடுத்துக்கொண்டு கம்பைலர் அமைதியாகிவிடும், உங்கள் டீஃபால்ட் கிளை எப்போதும் ஓடாது. கேஸ் என்பதற்கும் 100-க்கும் நடுவில் இடைவெளி விடாமல் கேஸ்100: என்று அடித்தாலும் இதே கதி. ஜிசிசி-யில் -டபிள்யூஆல் என்ற தெரிவோடு கம்பைல் செய்தால், பயன்படுத்தாத அடையாளப் பெயர் ஒன்று இருக்கிறது என்று எச்சரிக்கை வரும். முதல் நிரலிலிருந்தே இந்தத் தெரிவை வைத்துப் பழகுங்கள்.

டீஃபால்ட்டால் காப்பாற்ற முடியாத ஒன்றும் உண்டு. எண் கேட்கும் இடத்தில் பயனர் எழுத்தை அடித்தால் ஸ்கேன்எஃப் எதையும் படிக்காது. மாறியில் முன்பு இருந்த மதிப்பே நிற்கும். முன்பு 108 இருந்தால் ஸ்விட்ச் ஆம்புலன்ஸ் என்றே சொல்லும். ஸ்கேன்எஃப் திருப்பித் தரும் எண்ணிக்கை 1 தானா என்று பார்த்த பிறகே ஸ்விட்ச்சுக்குள் போங்கள்.

எங்கே பொருந்தாது

கேஸுக்குப் பின் வருவது முழு எண் மாறிலியாக இருக்க வேண்டும். ஒற்றை மேற்கோளுக்குள் வரும் தனி ஆங்கில எழுத்தும் சி-க்கு ஓர் எண்ணே, ஆகவே அது செல்லும். தசம எண், சொல், மாறி, நிபந்தனை எதுவும் செல்லாது.

மதிப்பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 90-க்கு மேல் ஒரு தரம், 80-க்கு மேல் ஒரு தரம் என்பது எல்லைகளைப் பற்றிய கேள்வி. ஸ்விட்ச்சோ குறிப்பிட்ட மதிப்புகளை மட்டுமே அறியும். மதிப்பெண்ணை 10-ஆல் வகுத்து, வரும் 9, 8, 7 என்ற ஈவை ஸ்விட்ச்சுக்குக் கொடுக்கும் உத்தியைச் சில புத்தகங்களில் பார்ப்பீர்கள். தர எல்லைகள் பத்துப் பத்தாக இருக்கும்வரை அது ஓடும். நம் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி மதிப்பெண் 35. அதைப் 10-ஆல் வகுத்தால் ஈவு 3. 31-ஐ வகுத்தாலும் 3. தேர்ச்சி பெற்றவரும் பெறாதவரும் ஒரே கேஸில் போய் விழுவார்கள். இப்படிப்பட்ட இடத்தில் உத்தி தேடாமல் இஃப் ஏணியையே எழுதுங்கள்.

விடைகளின் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும் இடத்திலும் ஸ்விட்ச் உதவாது. ஆங்கில மாதங்களுக்கு எழுதிய ஃபங்ஷனைச் சித்திரை, வைகாசி என்று தமிழ் மாதங்களுக்கு மாற்றிப் பார்க்கலாமே என்று தோன்றும். தமிழ் மாதத்தின் நீளம் சூரியன் ஒரு ராசியைக் கடக்கும் காலத்தைப் பொறுத்தது. 29 முதல் 32 நாள் வரை வரும். ஒரே மாதம் ஒரு வருடத்துக்கும் அடுத்த வருடத்துக்கும் ஒரு நாள் வேறுபடலாம். மாறிலிகளாக எழுத அங்கே எதுவும் நிலையாக இல்லை. பஞ்சாங்கக் கணக்கை நிரலாக எழுத வேண்டும், அல்லது வருடவாரியான அட்டவணையைக் கோப்பிலிருந்து படிக்க வேண்டும்.

வேகத்துக்காக ஸ்விட்ச் எழுதச் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. மதிப்புகள் 1, 2, 3 என்று நெருங்கி இருந்தால் கம்பைலர் தாவல் அட்டவணை ஒன்றை அமைத்து, எத்தனை கேஸ் இருந்தாலும் ஒரே எட்டில் சரியான இடத்துக்குப் போய்விடும். 100, 101, 108, 1098 போல விலகி இருந்தால் வேறு வழியைத் தேர்ந்துகொள்ளும். இந்த முடிவு கம்பைலருடையது. நான்கைந்து கேஸ் உள்ள நிரலில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

மற்ற மொழிகளுக்குப் போகும்போது

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியலில் சி பிளஸ் பிளஸ் படிப்பவர்கள் பன்னிரண்டில் பைத்தானுக்கு வருகிறார்கள். அங்கே ஸ்விட்ச் எங்கே என்று தேடுவார்கள். பைத்தானில் நெடுங்காலம் அப்படியொரு கூற்றே இல்லை. இஃப், எலிஃப் ஏணியையோ டிக்‌ஷனரியையோ வைத்துச் சமாளித்தார்கள். 2021 அக்டோபரில் வந்த 3.10 பதிப்பில்தான் மேட்ச் கூற்று சேர்ந்தது. அதில் வழிந்தோடல் இல்லை, பிரேக்கும் தேவையில்லை. ஆனால் கேஸுக்குப் பின் வெறும் மாறியின் பெயரை எழுதினால் அது ஒப்பிடாது. வந்த மதிப்பு எதுவானாலும் அந்தப் பெயருக்குள் வாங்கிக்கொள்ளும். சி-யிலிருந்து போகிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இது.

ஜாவாஸ்கிரிப்டில் சொற்களையும் கேஸாக எழுதலாம். ஆனால் ஒப்பீடு கண்டிப்பானது. உள்ளீட்டுப் பெட்டியிலிருந்து வரும் 1 ஓர் எழுத்துச் சரம். கேஸ் 1: என்பதோ எண். இரண்டும் பொருந்தாமல் டீஃபால்ட்டுக்குப் போய்விடும். எண்ணாக மாற்றிவிட்டுக் கொடுங்கள். ஜாவாவில் 2020 மார்ச்சில் வந்த 14-ஆம் பதிப்பிலிருந்து, முக்காற்புள்ளிக்குப் பதில் அம்புக்குறி போட்டு பிரேக் இல்லாமலே கேஸ் எழுத முடிகிறது. கோ, ஸ்விஃப்ட் இரண்டிலும் தொடக்கத்திலிருந்தே வழிந்தோடல் கிடையாது. வேண்டுமானால் வெளிப்படையாகக் கேட்க வேண்டும். சி ஷார்ப்பில் வேலை உள்ள கேஸை பிரேக் இல்லாமல் விட்டால் கம்பைலரே மறுத்துவிடும். புதிய மொழிக்குப் போனவுடன், இரண்டு கேஸ் உள்ள சிறு நிரலை பிரேக் இல்லாமல் எழுதி ஓட்டிப் பார்த்துவிடுங்கள். அந்த மொழி எந்தப் பக்கம் என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பயிற்சி

அவசர எண் நிரலில் 112-ஐயும் பெண்கள் உதவிக்கான 181-ஐயும் சேருங்கள். சேர்த்தபின் ஒவ்வொரு எண்ணையும் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். பிறகு 0, -1, 109, 10800 ஆகியவற்றையும், கடைசியாக ஓர் எழுத்தையும் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் என்ன வர வேண்டும் என்பதை ஓட்டும் முன்பே தாளில் எழுதி வைத்துக்கொண்டு, வந்ததோடு ஒப்பிடுங்கள்.

அடுத்து, மெனு நிரலை எண்ணுக்குப் பதில் எழுத்தைக் கொண்டு இயங்கும்படி மாற்றுங்கள். அதில் நாம் எழுதாமல் விட்ட டீஃபால்ட்டையும் ஒரு செய்தியோடு சேருங்கள். சிறிய எழுத்தில் அடித்தாலும் பெரிய எழுத்தில் அடித்தாலும் ஒரே கிளைக்குப் போக வேண்டும். இரண்டாவது முறை மெனு வரும்போது, நீங்கள் எதையும் அடிக்கும் முன்பே டீஃபால்ட் செய்தி வந்தால் திகைக்க வேண்டாம். முந்தைய உள்ளீட்டில் நீங்கள் தட்டிய என்டர் விசை ஓர் எழுத்தாக உள்ளே காத்திருந்திருக்கிறது. ஸ்கேன்எஃப்-இன் மேற்கோளுக்குள் விழுக்காட்டுக் குறிக்கு முன் ஓர் இடைவெளி விட்டால் அது அகன்றுவிடும்.

மூன்றாவது, வீட்டில் தொங்கும் தினசரி நாட்காட்டியிலிருந்து. ஞாயிறு 1, திங்கள் 2 என்று கிழமைக்கு எண் வைத்துக்கொண்டு, அந்த நாளின் ராகு காலத்தை அச்சிடுங்கள். ஞாயிறு மாலை 4.30 முதல் 6, திங்கள் காலை 7.30 முதல் 9, செவ்வாய் பிற்பகல் 3 முதல் 4.30, புதன் பகல் 12 முதல் 1.30, வியாழன் பிற்பகல் 1.30 முதல் 3, வெள்ளி காலை 10.30 முதல் 12, சனி காலை 9 முதல் 10.30. ஏழு கேஸும் ஓடியபின் எமகண்டத்தையும் குளிகையையும் சேர்க்கப் பாருங்கள். மூன்று தனித்தனி ஸ்விட்ச் எழுதுவதா, ஒரே ஸ்விட்ச்சில் மூன்று வரி எழுதுவதா, அல்லது அடுத்த அத்தியாயத்தில் வரும் அரே என்ற அமைப்புக்குக் காத்திருப்பதா என்று யோசித்து, முதல் இரண்டையும் எழுதிப் பார்த்துவிட்டு அடுத்த அத்தியாயத்தைத் திறங்கள்.